தப்புன்னா முப்பது வருசம் பண்ணணும்

தப்புப் பண்ணுறதுக்கும் ஒரு தெம்பு வேணும், மருமவனே. இன்னைக்கு ஒண்ணைத் தப்பாச் சொல்லி, நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டுனதும் "அடடே, ஆமால்ல"ன்னு மாத்திக்கிட்டா அது ஒரு தப்பா? வெறும் நாக்குப் புரண்டது. அதுக்கெல்லாம் ஊர்ல ஒரு மரியாதையும் கிடைக்காது. செஞ்சா முப்பது வருசம் விடாமச் செய்யணும். எடுத்துக் காட்ட வந்தவன் மூஞ்சிய நேராப் பாத்து, "உன் சரியை நீயே வச்சிக்கோ"ன்னு சொல்லணும். அப்படிச் சொல்லிட்டேன்னு வையி, உன் தப்பை ராசா எடுத்துப் பார்லிமெண்டுல பேசுவான். அகராதிக்காரன் உன் தப்புக்குத் தனி இடம் போட்டுக் குடுப்பான். உன்னைத் திருத்த வந்தவனோட சரியான சொல்லு இருக்கே, அது உன் தப்புச் சொல்லோட தயவுலதான் அந்த அகராதிக்குள்ளயே வந்து நிக்கும்.

நான் கதை விடல. இங்கிலாந்துல ஒரு சாமியார் இதைச் செஞ்சு காட்டியிருக்காரு. அவரு வாயில பொறந்த சொல்லுதான் மம்ப்சிமஸ். நீ இங்கிலீசுல எம்.ஏ. முடிச்சவன், காலேசுல பாடம் நடத்துறவன். உனக்கு இந்தச் சொல்லு தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரித் தலையாட்டு, அது உங்க உத்தியோகத்துல பழக்கந்தானே.

எட்டாங்கிளாசோட நின்ன மாமனுக்கு இது எப்படித் தெரியும்னு நீ யோசிக்கிறது உன் புருவத்துல தெரியுது. நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்ப பூசை முச்சூடும் லத்தீன். 1960-கள்ல வத்திக்கான்ல சங்கம் கூடி, அவங்கவங்க பாசையிலயே பூசை வைக்கலாம்னு முடிவு பண்ணுன பொறகுதான் நம்ம கோயில்ல தமிழ் வந்துது. அதுக்கு முன்னால பீடத்துல உதவிக்கு நிக்கிற பயலுக, சாமியார் லத்தீன்ல சொன்னா லத்தீன்ல பதில் சொல்லணும். அர்த்தம் கேட்டா காதைத் திருகுவாக. பூசை முடிஞ்சா பங்களாவுல புத்தக அலமாரி தூசி தட்டுற வேலை. தட்டுற புத்தகத்தைப் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு எந்தச் சங்கமும் சட்டம் போடல.

சரி, விசயத்துக்கு வாரேன். பூசையில நன்மை வாங்குன பொறகு சாமியார் தனக்குள்ள மெதுவா ஒரு செபம் சொல்லுவாரு. வாயால வாங்குனதை மனசாலயும் சுத்தமா வாங்கிக்கிடணும் ஆண்டவரேன்னு அதுக்கு அர்த்தம். அதுல 'வாங்கினோம்'ங்கிற இடத்துல வர்ற லத்தீன் சொல்லு சம்ப்சிமஸ். நம்ம ஆளு அதை மம்ப்சிமஸ்னு சொன்னாரு. லத்தீன்ல அப்படி ஒரு சொல்லே கிடையாது. பூசை தவறாம, கையில பாத்திரத்தை ஏந்திக்கிட்டு, அர்த்தமே இல்லாத ஒண்ணை ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. மெதுவாச் சொல்லுற செபங்கிறதால சனத்துக்குக் கேக்கல. கேட்ட ஆண்டவரும் ஒண்ணும் சொல்லல.

ஒரு நாள் படிச்சவன் ஒருத்தன் காதுல விழுந்துட்டு. உன்ன மாதிரி ஒருத்தன்தான். சும்மா போக முடியுமா அவனுக்கு? சாமி, அது மம்ப்சிமஸ் இல்ல, சம்ப்சிமஸ்னான். சாமியார் என்ன சொன்னாராம் தெரியுமா? இத்தனை வருசமா இப்படித்தான் சொல்லுதேன், உன்னோட புது சம்ப்சிமஸுக்காக என்னோட பழைய மம்ப்சிமஸை விட முடியாதுன்னுட்டாரு.

அவரு சாமர்த்தியத்தைக் கவனிச்சியா? தன் சொல்லு சரின்னு அவரு ஒரு வார்த்தை வாதாடல. பழசுன்னுதான் சொன்னாரு. வந்தவன் கொண்டுவந்தது தப்புன்னும் சொல்லல. புதுசுன்னாரு. சரியா தப்பாங்கிற வழக்கை அந்த ஒரு நிமிசத்துல பழசா புதுசாங்கிற வழக்கா மாத்திட்டாரு. இனி எந்த லத்தீன் வாத்தியார் வந்து அவரை என்ன செய்ய முடியும்? நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல நான் பாத்த பெரிய பெரிய தலைக்கட்டுகளுக்கே இந்த வித்தை பிடிபட ரொம்பக் காலமாகும்.

அவரை மட்டும் குத்தம் சொல்லியும் புண்ணியமில்ல. இந்தக் கதை வெளிய வந்த 1516 வாக்குல, ஐரோப்பாவுல அச்சு யந்திரம் வந்து அறுபது எழுபது வருசந்தான் இருக்கும். அதுக்கு முன்னால பூசைப் புத்தகம்னா கையால எழுதுனதுதான். எழுதுனவன் கண்ணு சொக்கிப்போய் ஒரு எழுத்தை மாத்திப் போட்டா, படிக்கிறவன் ஆயுசுக்கும் அதைத்தான் படிப்பான். படிப்பும் எல்லாருக்கும் ஒரு சீரா இருக்கல. அதுக்கு அடுத்த தலைமுறையில, 1551-ல, குளஸ்டர் மறைமாவட்டத்துல ஜான் ஹூப்பர்ங்கிற பிஷப் தன் கீழ இருந்த 311 குருமாரை உக்கார வச்சுக் கேள்வி கேட்டாரு. பத்துக் கட்டளையை ஒழுங்கா ஒப்பிக்கத் தெரியாதவுக 168 பேரு. பாதிக்கு மேல. இந்தக் கணக்குல நம்ம மம்ப்சிமஸ் சாமியார் செபத்தை முழுசா மனப்பாடமா வச்சிருந்ததே பெரிய காரியம்.

இப்ப இந்தக் கதையை ஊருக்குச் சொன்னவரு யாருன்னு கேளு. எராஸ்மஸ். ரோட்டர்டாம்ல பொறந்த ஒல்லாந்துக்காரரு, அந்தக் காலத்து ஐரோப்பாவுலயே பெரிய படிப்பாளி. 1516-ல பாசல் பட்டணத்துல புரோபென்னு ஒரு அச்சுக்காரர்கிட்ட புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோட அச்சுப் போட்டாரு. பக்கத்துலயே தான் திருத்துன லத்தீனையும் போட்டாரு. அவ்வளவுதான், பிடிச்சிக்கிட்டாக. ஆயிரம் வருசத்துக்கு மேல கோயில்ல வாசிச்சிட்டு வர்ற லத்தீன் பைபிளைத் தொட நீ யாருன்னு ஆளாளுக்கு எகிறுனாக. அந்தச் சூட்டுலதான், அதே வருசம் ஆகஸ்டு மாசம், கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹென்றி புல்லக்னு ஒரு சிநேகிதருக்கு எழுதுன கடுதாசியில இந்தச் சாமியார் கதையை எடுத்து விட்டாரு. தன்னை எதுத்தவுக எல்லாரும் மம்ப்சிமஸ் கோஷ்டின்னு சொல்லாமச் சொன்ன கதை அது.

கல்லெறிஞ்சவரு வீட்டையும் ஒரு எட்டு எட்டிப் பாப்போம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்த 1516 பதிப்புல கடைசிப் புத்தகமான வெளிப்பாட்டுக்கு எராஸ்மஸ் கைக்குக் கிடைச்சது ஒரே ஒரு கிரேக்கக் கையெழுத்துப் படி. அதுல கடைசித் தாளைக் காணோம். ஆறு வசனம் போச்சு. அச்சு வேலை அவசரம். மனுசன் என்ன செஞ்சாருன்னா, லத்தீன்ல இருந்த அந்த ஆறு வசனத்தையும் தானே கிரேக்கத்துல மொழிபெயர்த்து உள்ள சொருகிட்டாரு. லத்தீனைக் கிரேக்கத்தை வச்சுத் திருத்துறேன்னு கிளம்பினவரு, கிரேக்கத்தை லத்தீனை வச்சு உண்டாக்குனாரு.

அதுல ஒரு வசனத்துல கிரேக்க மூலம் சொல்லுறது வாழ்வின் மரம். லத்தீன்ல மரத்துக்கு லிக்னோ, புத்தகத்துக்கு லிப்ரோ. எந்தக் காலத்துலயோ லத்தீன் படி எடுத்த ஒருத்தன் கண்ணுக்கு லிக்னோ, லிப்ரோவாத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பிழையைத்தான் நம்ம எராஸ்மஸ் நல்ல கிரேக்கத்துல பெயர்த்துப் போட்டாரு. மரம் புத்தகமாயிட்டு. அவரு பதிப்பை வச்சுத்தான் அப்புறம் வந்தவுக வரிசையா அச்சுப் போட்டாக. 1611-ல வந்த ஜேம்ஸ் ராசா பைபிள்லயும் அந்த இடத்துல புத்தகம்தான் இருக்கு. நம்ம பக்கத்துல சபைக்காரவுக கையில வச்சிருக்கிற பழைய தமிழ் பைபிளை வாங்கி, வெளிப்படுத்தின விசேஷம் 22-வது அதிகாரம் 19-வது வசனத்தைப் பாரு. ஜீவபுஸ்தகம்னு இருக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, இந்தப் புத்தகத்துல இருந்து ஒரு வார்த்தையும் எடுத்துப் போடாதேன்னு எச்சரிக்கிற வசனமே அதுதான். இப்ப வர்ற புது மொழிபெயர்ப்புகள்ல மரம் திரும்ப முளைச்சிருக்கு. பழசை வாசிச்சுப் பழகுனவுக புத்தகத்தை விடத் தயாரா இல்ல.

அவுகளைப் பாத்து மம்ப்சிமஸ்னு சொல்லுவியா நீ? எனக்கு மனசு வராது.

எராஸ்மஸ் கடுதாசிக்கு அடுத்த வருசம், 1517-ல, ரிச்சர்ட் பேஸ்னு ஒருத்தரு இதே கதையைத் தன் புத்தகத்துல எழுதுனாரு. எட்டாம் ஹென்றி ராசாகிட்ட உத்தியோகம், பின்னால லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்கு டீன் ஆனாரு. படிப்பால வர்ற பலன்னு அந்தப் புத்தகத்துக்குப் பேரு. கான்ஸ்டன்ஸ் பட்டணத்துல ஒரு பொதுக் குளிப்பறையில உக்காந்து எழுதுனதாச் சொல்லுவாக. பழையது புதியதுன்னு சாமியார் மடக்கிப் பேசுன பதிலுக்கு நல்லா முலாம் பூசிக் குடுத்தது இவருதான். சாமியார் இங்கிலாந்துக்காரருங்கிறதும் இவரு சொன்னது. ஆனா ஒண்ணு. எராஸ்மஸ் கடுதாசியில சாமியார் 20 வருசமாத் தப்பாச் சொன்னாரு. பேஸ் புத்தகத்துல 30 வருசமாச் சொன்னாரு. 1516-ல இருபது, 1517-ல முப்பது! தப்பைத் திருத்தணும்னு கதை சொல்லுற மேதைகளுக்கே கணக்கு இவ்வளவு தாராளமா வருதே, பாவம் அந்தக் கிழவனை எதுக்கு ஒரு எழுத்துக்காக மென்னியப் பிடிக்கணும்?

அப்புறம் சொல்லு இங்கிலீசுக்குள்ள நடந்து வந்துட்டு. 1530-ல வில்லியம் டின்டேல் எழுதுன ஒரு புத்தகத்துல வருது. பைபிளை இங்கிலீசுல பெயர்த்ததுக்காக ஓடி ஒளிஞ்சு திரிஞ்ச ஆளு அவரு. 1536-ல பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல கழுத்தை நெரிச்சு எரிச்சாக. ஒரு வார்த்தையை எந்தப் பாசையில சொல்லுறதுங்கிறது அந்தக் காலத்துல உசிரு போற விசயம், மருமவனே. நீ இப்ப பந்தியில உக்காந்துக்கிட்டுத் திருத்துறியே, அந்த மாதிரி இல்ல.

ராசா வாயில அது வந்தது 1545 டிசம்பர் 24, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். எட்டாம் ஹென்றி பார்லிமெண்டுல பேசுன கடைசிப் பேச்சு. குருமாரெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் அடிச்சிக்கிடுதீக, சிலபேரு பழைய மம்ப்சிமஸ்ல விறைச்சுக்கிட்டு நிக்கீக, சிலபேரு புது சம்ப்சிமஸ்ல மிதமிஞ்சித் துள்ளுதீகன்னு ரெண்டு பக்கத்தையும் வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. வேத வசனத்தைச் சாராயக்கடையில உக்காந்து பாட்டாப் பாடி வம்பு வளக்கீகன்னும் வருத்தப்பட்டாராம். பேச்சைக் கேட்டு அழுதவுகளும் உண்டாம்.

நல்ல பேச்சுதான். பேசுன ஆளு யாருன்னு மட்டும் ஞாபகம் வச்சிக்கோ. அதுக்கு அஞ்சு வருசம் முன்னால, 1540 சூலை 30-ந் தேதி, லண்டன் ஸ்மித்ஃபீல்டுல ஒரே நாள்ல ஆறு பேரைக் கொன்னாக. மூணு பேரு போப்புதான் தலைவர்னு சொன்ன பழைய கட்சி. அவுகளுக்குத் தேசத்துரோகம்னு தூக்கும் வெட்டும். மூணு பேரு போப்பை எதுத்த லூத்தர் பக்கம் சாஞ்ச புதுக் கட்சி. அவுகளுக்கு மதத்துரோகம்னு தீ. கொலைக்களத்துக்கு இழுத்துட்டுப் போறப்ப, ஒரு தட்டிக்கு ஒரு பழசு, ஒரு புதுசுன்னு சோடி சேத்துப் படுக்க வச்சுக் குதிரையில கட்டி இழுத்தாகளாம். மம்ப்சிமஸும் சம்ப்சிமஸும் அவரு ஆட்சியில சமாதானமாப் பக்கத்துல பக்கத்துல படுத்தது அந்த ஒரு நாள்தான்.

ராசாவுக்கும் ஒரு மம்ப்சிமஸ் உண்டு, தெரிஞ்சுக்கோ. 1521-ல லூத்தரை எதுத்து அவரு பேருல ஒரு புத்தகம் வந்துது. பத்தாம் லியோ போப்புக்குச் சந்தோசம். விசுவாசத்தின் காவலர்னு பட்டம் குடுத்தாரு. 1534-ல ராசா போப்போட உறவையே அறுத்துக்கிட்டு, சபைக்குத் தானே தலைவர்னு சட்டம் போட்டுக்கிட்டாரு. எந்த விசுவாசத்தைக் காக்கத்தான் பட்டம் குடுத்தாகளோ அது போச்சு. பட்டத்தை மட்டும் விடல. ரோமாபுரியில பறிச்சப்ப, தன் பார்லிமெண்டுலயே சட்டம் போட்டு வாங்கி வச்சிக்கிட்டாரு. இன்னைக்கும் இங்கிலாந்துக் காசுல ராசா தலையைச் சுத்தி எஃப் டின்னு ரெண்டு எழுத்து இருக்கும், பாரு. அந்தப் பட்டத்தோட லத்தீன் சுருக்கம்தான் அது. போப்பு குடுத்த பட்டம், போப்பை விட்டு ஐநூறு வருசம் ஆகப்போகுது, காசுல ஓடிக்கிட்டே இருக்கு.

இப்ப அகராதியில என்ன போட்டிருக்கான்னு கேப்பே. மம்ப்சிமஸ்னா ரெண்டு அர்த்தம். தப்புன்னு காட்டுன பொறகும் பிடிச்சிக்கிட்டு விடாத வழக்கத்துக்கும் அதுதான் பேரு, விடாத ஆளுக்கும் அதுதான் பேரு. சம்ப்சிமஸுக்கும் இடம் உண்டு: நடப்புல இருக்கிற தப்பைத் தள்ளிட்டு அந்த இடத்துல வம்படியா வைக்கிற சரியான சொல்லு. சரிக்குத் தனியா ஒரு கதை கிடையாது பாத்தியா. தப்பு இல்லைன்னா அதுக்கு வேலையே இல்ல.

உடனே நீ, தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுங்கிறதுதானேன்னு முந்திக்கிட்டு வருவே. கிட்டத்தட்டத்தான். ஆனா முயல்காரன் நாலாவது காலைப் பாத்தானோ இல்லையோ நமக்குத் தெரியாது. மம்ப்சிமஸ்காரன் நாலையும் எண்ணிப் பாத்தவன். ஆமா நாலு இருக்குன்னு ஒத்துக்கிட்டு, எங்க வீட்டுல மூணுன்னு சொல்லித்தான் பழக்கம்னு முயலைத் தூக்கிட்டுப் போறவன். அதனால அறியாமத் தப்பாப் பேசுறவனை இந்தச் சொல்லால அடிக்கக் கூடாது. எடுத்துச் சொல்லியும் விடாதவன் கதை வேற. அமெரிக்காவுல ஐசனோவர், புஷ் மாதிரி சனாதிபதிகளே அணுவுக்கான நியூக்ளியரை நியூக்குலர்னு சொன்னாக. எத்தனையோ பேரு எடுத்துச் சொல்லியும் நாக்கு வளையல. அணுகுண்டுச் சாவியைக் கையில வச்சிருக்கிறவர்கிட்ட எழுத்துப் பிழை பேசுறதும் அவ்வளவு புத்திசாலித்தனம் இல்ல.

இன்னொரு விசயமும் சொல்லிருதேன், உங்க வகுப்புல பிள்ளைகளுக்குச் சொல்லுறதுக்கு உதவும். ஒருத்தன் தப்பாச் சொன்னாத்தான் தப்பு. ஊரே சொன்னா அதுதான் பாசை. நீ சமையக்கட்டுல கட்டிக்கிடுற ஏப்ரன், ஆதியில நேப்ரன். முன்னால ஒரு 'எ' வந்து ஒட்டி, எ நேப்ரன், ஆன் ஏப்ரன் ஆயிட்டு. விரியன் பாம்பைச் சொல்லுற ஆடர், முதல்ல நாடர். கிரிக்கெட்டுல நடுவுல நிக்காரே அம்பயர், அவருக்கும் முன்னால ஒரு 'ந' இருந்துது. பட்டாணிக்கு முதல்ல பீஸ்னு ஒருமைச் சொல்லுதான். கடைசியில ஸ் சத்தம் கேட்டதும் பன்மைன்னு நினைச்சு, ஒருமைக்குப் பீன்னு புதுசா ஒண்ணை உண்டாக்கிட்டாக. இவ்வளவு ஏன், ஆரஞ்சு. வடமொழி நாரங்கம், பாரசீகம், அரபுன்னு போய் ஐரோப்பாவுல நுழையிறப்ப முன்னால இருந்த ந உதுந்துட்டு. அந்த நாரங்கத்துக்கே மூலம் திராவிடச் சொல்லா இருக்கும்னு மொழி ஆராய்ச்சிக்காரவுக சொல்லுறாக, நம்ம நாரத்தங்காய் குடும்பம். அதுக்காக நீ லண்டனுக்குப் போய்க் கடைக்காரன்கிட்ட நாரஞ்சு குடுன்னு கேளேன். சரியாத்தான் கேப்பே. பழம் வராது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுதேன்னா, போன வாரம் கல்யாணப் பந்தியில உன் மாமனார் ஏதோ டிரான்ஸ்பாரம் வெடிச்சிட்டுன்னு சொன்னாரு. நீ இலையில சாம்பார் ஊத்த விடாம நிறுத்தி, அது டிரான்ஸ்பாரம் இல்ல மாமா, டிரான்ஸ்ஃபார்மர்னே. நாலு சம்பந்தகாரவுக முன்னால. அவரு ஒண்ணும் பேசல, மோரு ஊத்துறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுட்டாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

யோசிச்சுப் பாரு. அந்தச் சாமியார் சொன்ன மம்ப்சிமஸ் யாருக்கும் எதையும் சொல்லல. சும்மா சத்தம். உன் மாமனார் சொல்லுற டிரான்ஸ்பாரம் அப்படியா? அதைச் சொல்லித்தான் கரண்டு ஆபீசுக்குப் போன் போடுதாரு. போனை எடுக்கிறவன் எந்தத் தெரு டிரான்ஸ்பாரம்னு கேக்கான். லைன்மேன் ஏணியோட நேரா அங்கதான் வந்து நிக்கான். கரண்டும் வந்துருது. நீ சுத்தமா உச்சரிச்சா லைன்மேன் யாரோ புது ஆபீசர்னு நினைச்சு நாளைக்கு வாரேன்பான். அர்த்தம் போய்ச் சேர்ற இடத்துல உன் சம்ப்சிமஸுக்கு வேலையில்ல. மருந்துச்சீட்டுல தப்பு, பத்திரத்துல தப்பு, பிள்ளைக்குப் பாடத்துல தப்புன்னா அங்க நீ பேசாம இருந்தாத்தான் பாவம். அங்கெல்லாம் நீ எங்க வாயைத் திறக்கே? உங்க காலேசுல மேலதிகாரி போடுற சர்க்குலர்ல வரிக்கு வரி பிழைன்னு நீயே சொல்லிச் சிரிச்சே. அதை ஏன் பந்தியில வச்சு நிறுத்தல?

திருத்துறதா இருந்தா அமெரிக்காவுல வெப்ஸ்டர் அகராதிக்காரன் செஞ்ச மாதிரிச் செய்யி. 1934-ல அவன் போட்ட பெரிய அகராதியில டோர்டுன்னு ஒரு சொல்லு வந்துது. அர்த்தம் அடர்த்தின்னு போட்டிருந்துது. அப்படி ஒரு சொல்லே உலகத்துல கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கெழுத்தா பெரிய டி அல்லது சின்ன டின்னு வேதியியல் பார்க்கிறவரு துண்டுச்சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. நடுவுல இருந்த 'அல்லது'ங்கிற ஆர் ரெண்டு பக்கத்து டியோடயும் ஒட்டிக்கிட்டு டோர்டு ஆயிட்டு. 1939-ல ஒரு பதிப்பாசிரியர், இதுக்கு மட்டும் சொல்பிறப்பு போடலையேன்னு பாத்துக் கண்டுபிடிச்சாரு. தமுக்கடிக்கல. 1947-ல சத்தமில்லாம எடுத்துட்டாக. எட்டு வருசம் பொறுமையா இருந்திருக்கான் அகராதி விக்கிறவனே. உனக்கு ஒரு பந்தி முடியிற வரைக்கும் பொறுக்கல.

இன்னும் ஒண்ணு. இவ்வளவு கேட்ட பொறகு உன் வாயி சும்மா இருக்காது. அடுத்த விசேசத்துல மாமனாரைப் பாத்து, நீங்க ஒரு மம்ப்சிமஸ் மாமான்னு சொல்லி உன் படிப்பைக் காட்டலாம்னு இருப்பே. செய்யாத. அது என்னப்பான்னு அவரு கேப்பாரு. நீ லத்தீன்ல ஆரம்பிச்சு எராஸ்மஸ் வரைக்கும் போவே. பக்கத்துல வெத்தலை போட்டுக்கிட்டிருக்கிற நாலு கிழவிகளும் காது குடுப்பாக. கடைசியில அவுகளுக்கு ஞாபகம் நிக்கப்போறது மம்புசாமிங்கிற ஒரு சத்தம்தான். மறுநாள்ல இருந்து தெருவுல நீ வந்தா, மம்புசாமி வாரான் பாருன்னு சொல்லுவாக. நீ நின்னு அதையும் திருத்துவே. திருத்தத் திருத்தப் பேரு கெட்டியாகும். உன் பிள்ளை பள்ளிக்கூடத்துல மம்புசாமி மகன்னு ஆவான். அம்பது வருசம் கழிச்சு ஓட்டர் லிஸ்டுல வந்தாலும் ஆச்சரியமில்ல.

அப்ப நீ போய் எந்த அகராதியில முறையிட்டாலும் நியாயம் கிடைக்காது. பட்டப்பேருக்கு இங்கிலீசுல நிக்நேம்னு சொல்லித் தாரீகளே, அதுவே தப்புல பொறந்ததுதான். ஈக்னா கூடுதல், ஈக்நேம்னா கூடுதல் பேரு. ஆன் ஈக்நேம்னு சொல்லிச் சொல்லி, ஆனோட வாலு பிஞ்சு பின்னால ஒட்டி, நீக்நேம், நிக்நேம்னு ஆயிட்டு. அந்தத் தப்பை இதுவரைக்கும் ஒருத்தனும் திருத்தல.